நிலவும் சாட்சியும்



இளம் பருவத்தினர்க்கென்றே எழுதப்படும் நாவல் வகையொன்று இன்று உலகெங்கும் பரவி வருகின்றது. அதன் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றே. பதினாறு, பதினேழு வயதுடைய பெண்ணொருத்திக்கு நிலவிலிருந்து ஒரு மாய ஆற்றல் வந்து சேருகின்றது. அவளுடைய ஊரில் ஒரு கொலை நிகழ்கின்றது. ஐயம் முழுதும் அவள் நேசிக்கும் இளைஞன் மேல் விழுகின்றது. பிறை வளர்ந்து பூரணையாகுமுன் உண்மைக் கொலையாளியை அவள் கண்டுபிடித்தாக வேண்டும். காதல், கொலை, மர்மம், நிலவின் மாயம் ஆகிய நான்கும் ஒரே பானையில் வெந்த கதை இது.

இத்தகைய கதைகளைப் பிள்ளைகள் ஆவலோடு படிக்கும்போது பெற்றோர் சிலர் மனங்கலங்குவது இயல்பு. மந்திரமும் மாயமும் நிறைந்த கதை பிள்ளைகளுக்கு ஆகுமா? கொலைக் கதை நெஞ்சை வன்மையாக்காதா? காதற் கதை கல்விக்கு இடையூறாகாதா? இவை புறந்தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. ஆயினும், இவற்றுக்கு விடை தேடித் தொலைவில் செல்லுமுன், நம் கரையிலேயே வழங்கிவரும் கதைகளைச் சிறிது விசாரித்துப் பார்ப்பது நன்று.

மருதமுனையிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்பவர் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர் ஊராகக் கடந்து போவார். 1961ஆம் ஆண்டிலே அம்பாறை மாவட்டம் தனியாக அமைக்கப்படும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இக்கரையில் வாழும் முஸ்லிம்களும் தமிழரும் பேசுவது ஒரே தமிழ். தாய்வழியாகக் குடி எண்ணும் மரபும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டிற்கு வரவேற்கும் வழக்கமும் இருவர்க்கும் பொதுவாக இருந்து வந்துள்ளன. முஸ்லிம் ஊர்களாகிய சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு இருக்கின்றது. அங்கே கண்ணகி அம்மன் கோயில் இருக்கின்றது. ஆண்டுதோறும் வைகாசிப் பூரணையை ஒட்டித் திருக்குளிர்த்தி நடைபெறும் காலத்தில், 'கண்ணகி வழக்குரை' என்னும் காவியம் அங்கு பாடப்படுகின்றது.

அந்தக் கதையை மேலே சொன்ன நாவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் மூலமாகிய சிலப்பதிகாரம் நிலவைப் போற்றித் தொடங்குகின்றது. மணநாளன்று கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. இருவரும் இக்காலக் கணக்கில் பள்ளிப் பிள்ளைகள்! திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நன்னாளில் அவர்கள் திருமணம் நடைபெறுகின்றது. கணவன் பிரிந்த பின்னர் அதே நிலவு அவளைச் சுடுகின்றது. மதுரைக்குச் செல்லும் வழியில், பகல் வெயிலை அவள் தாங்காள் என்றெண்ணி, நிலவு வெளிச்சத்தில் இரவிலே நடக்கின்றார்கள். மதுரையில் ஒரு களவு. அதைத் தொடர்ந்து ஒரு கொலை. அதன்பின் ஓர் இளம்பெண் தனியாக அரசவை சென்று உண்மையை நிலைநாட்டுகின்றாள். முடிவில் நகரமே தீப்பற்றி எரிகின்றது. நம் நாட்டு வழக்குரையோ மாயத்தை இன்னும் மிகுவிக்கின்றது. அம்மன் மாங்கனியாகத் தோன்றுகின்றாள். சிலம்புக்கு வேண்டிய நாகமணி தேடி மீகாமன் கடலோடுகின்றான். வழியில் வெடியரசனோடு பெரும்போர் புரிகின்றான். காதல், கொலை, மர்மம், நிலவு, மாயம் என்னும் அத்தனையும் இக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கதையிலேயே உள்ளன.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அவர் அக்காப்பியத்தில் இசையின் இலக்கணத்தைத் தேடினார். இன்று நாம் அதே காப்பியத்தில் வேறொன்றைத் தேடுவோம். கொலை வழக்கொன்றை அது எவ்வாறு விசாரிக்கின்றது என்பதே அது.

கோவலன் கள்வன் என்று அரசனிடம் சொன்னவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. அரசன் விசாரணையின்றிக் கட்டளையிடுகின்றான். ஆயினும் கொலைக்கு வந்த காவலர் உடனே வெட்டிவிடவில்லை. கோவலனுடைய முகத்தைப் பார்த்து, இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லையே என்று ஒருவன் தயங்குகின்றான். அப்போது பொற்கொல்லன் சொல்லும் மறுமொழி நம் கவனத்துக்குரியது. கள்வர்க்கு மந்திரம் உண்டு, தெய்வத் துணை உண்டு, மருந்து உண்டு, நிமித்தம் உண்டு என்று அவன் அடுக்குகின்றான். மந்திரத்தால் கண்ணுக்கு மறைந்தும் திரிவர் என்கின்றான். வேறொரு காவலன், மழையிருட்டில் தான் கண்ட ஒரு கள்வனைப் பற்றிய பயங்கரக் கதையைச் சேர்க்கின்றான். கேட்டுக்கொண்டிருந்த குடிமயக்கமுடைய ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். கோவலன் மாண்டான்.

இங்கே மாயத்தைப் பேசியவன் யார்? கொலைக்குக் காரணமானவனே. முகம் குற்றமற்றதாய்த் தோன்றினால், அது மந்திரத்தால் வந்த தோற்றம் என்று சொல்லிவிடலாம். களவுக்குத் தடயம் இல்லையென்றால், மருந்தால் மறைத்தான் என்று சொல்லிவிடலாம். மாயத்தைக் காரணமாக ஒப்புக்கொண்ட இடத்தில் எந்தப் பழியையும் யார்மேலும் சுமத்தலாம். குற்றமற்றவன் தன்னைக் காத்துக்கொள்ள அங்கே ஒரு வழியும் இல்லை.

இனிக் கண்ணகியின் செயலைக் காண்போம். கணவன் கொலையுண்ட செய்தி கேட்டவுடன் அவள் ஞாயிற்றை நோக்கி, என் கணவன் கள்வனோ என்று வினவுகின்றாள். கள்வன் அல்லன் என ஒரு குரல் எழுந்து விடை தருகின்றது. இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? இன்றைய மாய நாவல் எழுதுவோர் பலர் இந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுவர். ஆனால் கண்ணகி பாண்டியன் அவையில் நின்றபோது அந்தக் குரலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள். தம்முடைய சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அவ்வளவே வழக்கு. அரசனும் கண்டான், அவையோரும் கண்டனர். தெய்வத்தை நம்பாதவன் ஒருவன் அங்கிருந்தாலும் அந்த மணியை மறுத்திருக்க முடியாது.

வானத்தின் குரல் கண்ணகிக்கு உறுதியைத் தந்தது. உலகத்துக்கு உறுதியைத் தந்தது சிலம்பு. தீயும் தெய்வமும் வந்தது மெய்ப்பித்த பின்னரே. மாயமும் கொலையும் கலந்த கதைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கதாநாயகிக்கு மாயம் எதையும் சொல்லட்டும். ஆனால் பிறர் முன்னிலையில் அவள் காட்ட வேண்டியது, எல்லோரும் கையிலெடுத்துப் பார்க்கக்கூடிய சான்று.

முஸ்லிம் வீடுகளில் வழங்கும் கதைச் செல்வத்திலும் இதே பாடம் இருக்கின்றது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் கமருஸ்ஸமான் என்னும் இளவரசனின் பெயருக்குக் காலத்தின் நிலவு என்பது பொருள். அவன் காதலிக்கும் புதூர் என்னும் இளவரசியின் பெயரோ பூரண நிலவுகளைக் குறிப்பது. தொலைவான இரு நாடுகளில் வாழும் இவ்விருவரையும் ஜின்கள் ஓர் இரவு ஒரே இடத்திற் சேர்த்துவிட்டு, விடியுமுன் பிரித்துவிடுகின்றன. காலையில் இருவரும் தாம் கண்டதைச் சொல்ல, வீட்டார் அவர்களைப் பித்தர் என்கின்றனர். ஆனால் அவ்விரவில் அவர்கள் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தனர். நிகழ்ந்தது கனவன்று என்பதற்கு அந்த மோதிரமே சான்று. பிற்காலத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் அதுவே உதவுகின்றது. ஜின்கள் செய்த மாயத்துக்குக்கூட விரலில் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது.

அதே தொகுதியில் மூன்று ஆப்பிள்களின் கதையும் உண்டு. தைகிரீஸ் ஆற்றில் வலை வீசிய ஏழை மீனவனொருவன் ஒரு பெட்டியை இழுத்தெடுக்கின்றான். அதனுள் வெட்டுண்ட இளம்பெண்ணின் உடல். மூன்று நாளிற் கொலைஞனைக் கண்டுபிடிக்காவிடில் உன்னைத் தூக்கிலிடுவேன் என்று கலீபா ஹாரூன் ரஷீத் தம் அமைச்சர் ஜஃபருக்கு ஆணையிடுகின்றார். கொலை செய்தவன் அவளுடைய கணவனே என்பது பின்னர் தெரியவருகின்றது. நோயுற்ற மனைவிக்காகப் பஸ்ராவரை சென்று அவன் மூன்று ஆப்பிள்களைக் கொண்டு வந்திருந்தான். கடைத்தெருவில் அடிமையொருவன் கையில் அவற்றுள் ஒன்றைக் கண்டான். என் காதலி தந்தாள் என்று அந்த அடிமை சொன்ன ஒரு சொல்லை நம்பி மனைவியைக் கொன்றான். உண்மையில் அந்தப் பழம் அவர்களுடைய சிறுமகனிடமிருந்து பறிக்கப்பட்டது.

பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பினான். பக்தாத் நகரத்துக் கணவன் அடிமையின் சொல்லை நம்பினான். ஒருவன் மகனை அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், மற்றவன் சிலம்பை உடைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கும். கொலைக் கதை கொலையைக் கற்பிக்குமோ என்று அஞ்சுகின்றோம். நல்ல கொலைக் கதை கற்பிப்பது, கேட்டதை உடனே நம்பாதிருக்கும் பொறுமையை.

இனி நிலவுக்கு வருவோம். நிலவுக்கு உண்மையிலேயே ஒரு மாயம் உண்டு. அது காலம் தவறாமை. தலைப்பிறை மாலையில் மேற்கே சிறிது நேரம் தோன்றி மறையும். பூரணை நிலவு சூரியன் மறையும் வேளையிற் கிழக்கே எழும். அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி எழுந்து, மாதக் கடைசியில் வைகறைக்குச் சற்று முன்னரே தலைகாட்டும். சந்திர மாதக் கணக்கோடு வாழும் கல்முனை மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோன்பும் பெருநாளும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியிற் கொடியேறும் நாளும் பிறையைக் கொண்டே எண்ணப்படுகின்றன.

இந்த அறிவு ஓர் உயிரைக் காத்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1857ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் இரவு ஒருவர் தாக்கப்பட்டுப் பின்னர் இறந்தார். ஆம்ஸ்ட்ராங் என்னும் இளைஞன் மேற் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. இரவு பதினொரு மணியளவில், நிலவு வெளிச்சத்தில், தாக்குதலைத் தொலைவிலிருந்து தெளிவாகக் கண்டேன் என்று ஒரு சாட்சி கூறினார். இளைஞனுக்காக வாதாடியவர் அவன் குடும்பத்தின் பழைய நண்பராகிய வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன். 1858 மே மாதத்தில் நடந்த விசாரணையில், நிலவு எங்கே நின்றது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். உச்சியில் நின்று ஒளி வீசியது என்றார் சாட்சி. லிங்கன் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். அந்த நேரத்தில் நிலவு மேற்கே தாழ்ந்து மறைவை நெருங்கியிருந்தது. இளைஞன் விடுதலை பெற்றான். அவனைக் காக்க நிலவு மாயம் ஏதும் புரிய வேண்டியிருக்கவில்லை. தன் வழியிலே தான் சென்றதே போதுமாயிற்று.

நம் நாட்டிற் பிறையே சாட்சியத்தால் நிலைநாட்டப்படுவது என்பதையும் எண்ணிப் பாருங்கள். மாத முடிவில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் மாநாடு கூடுகின்றது. கண்டவர் யார், எங்கிருந்து கண்டார் என்பதெல்லாம் விசாரிக்கப்படுகின்றன. முடிவு வானொலியில் அறிவிக்கப்படும்வரை ஊர்கள் காத்திருக்கின்றன. ஒரு நோன்பைத் தொடங்கவோ முடிக்கவோ இத்தனை விசாரணை வேண்டுமானால், ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொல்ல எத்தனை விசாரணை வேண்டும்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமகன் இப்ராகீம் இறந்த நாளிற் சூரிய கிரகணம் நேர்ந்தது. அம்மரணத்தினாலேயே கிரகணம் உண்டாயிற்று என மக்கள் பேசத் தலைப்பட்டனர். சூரியனும் சந்திரனும் இறைவனின் இரு அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை கிரகணம் அடைவதில்லை என்று நாயகம் அவர்கள் விளக்கினார்கள். மகனை இழந்த தந்தையின் துயரத்திடையே சொல்லப்பட்ட வார்த்தை அது. மாயத்தைப் பற்றிய பெற்றோரின் அச்சத்துக்கு இதனுள்ளே நல்லதொரு அளவுகோல் இருக்கின்றது. கதையில் நிலவு பேசலாம், ஒளியாற் பாலம் கட்டலாம். அது கற்பனை என்று பிள்ளை அறியும். வாழ்வில் நடந்த துன்பத்துக்கு நிலவைக் காரணமாகச் சொல்லும்போதுதான் தீங்கு தொடங்குகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை இக்கரை மறவாது. அன்று பூரணை தினம். ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுந்த உயிரிழப்பு நேர்ந்த மாவட்டம் இதுவே. நிலவின்மேல் பழி சொல்வது எளிதாயிருந்த நாள் அது. ஆனால் அலையை எழுப்பியது, சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிகழ்ந்த பெருநிலநடுக்கம். அந்தக் காரணத்தை அறிந்தமையாலேயே, இன்று தொலைவில் நிலம் அதிர்ந்தாலும் கரையோர மக்களை எச்சரிக்க இயலுகின்றது. நிலவைக் குற்றவாளியாக்கி அமைதி அடைந்திருந்தால் அடுத்த அலைக்கும் நாம் ஆயத்தமின்றியே இருந்திருப்போம்.

ஆகவே, இப்பகுதி இளைஞர்களுக்கு நான் கூற விழைவது இது. மாயமும் காதலும் கொலையும் கலந்த கதையைப் படியுங்கள், இயலுமாயின் எழுதுங்கள். இலங்கையின் முதல் தமிழ் நாவலை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெவ்வை. அவருடைய அசன்பேயும், எகிப்திலே பிறந்து, பிள்ளைப் பருவத்திற் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்த ஓர் இளைஞனின் கதையே. ஆதலால் சாகசமும் மர்மமும் நம் நாவல் மரபுக்குப் பிறப்பிலேயே அமைந்தவை.

கருவுக்கு வெளியூர் செல்ல வேண்டா. வயற்காவற் பரணிலிருந்து இரவெல்லாம் பாடப்பட்ட கவிகளில் மச்சானும் மச்சியும் காதலையும் பிரிவையும் பேசுகின்றனர். நிந்தவூர் எஸ். முத்துமீரான் இப்பகுதி முஸ்லிம்களின் நாட்டார் இலக்கியத்தைத் தேடித் தொகுத்தார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார், கிழக்கிலங்கைக் காதற் பாடல்களைத் தொகுத்து 2013இல் நூலாக்கினார். இவற்றைப் படித்தால் காதலை நாகரிகமாகச் சொல்லும் வகை தெரியும். கடலுக்குச் செல்வோரைக் கேட்டால், விளக்கு வைத்துப் பிடிப்போர்க்கு இருள் இரவு எவ்வளவு வேண்டியது, நிலவு இரவு எவ்வளவு வேண்டாதது என்று சொல்வார்கள். பூரணை இரவில் விளக்கு வைத்து நிறைய மீன் பிடித்தேன் என்று ஒருவன் சொன்னால், உங்கள் கதாநாயகி உடனே நிமிர்ந்து உட்காரலாம். மாதக் கடைசி நள்ளிரவில் நிலவொளியிற் கொலைகாரன் முகத்தைக் கண்டேன் என்று ஒருவன் சொன்னால், அவள் ஒரு கலண்டரைக் கையிலெடுத்தாற் போதும்.

எழுதும்போது ஒரு விதியை மட்டும் கைவிடாதீர்கள். நிலவு உங்கள் கதாநாயகியின் காதில் உண்மையைச் சொல்லட்டும். ஆனால் ஊர் கூடிய இடத்தில் அவள் நிற்கும்போது அவள் கையிற் சிலம்பொன்று இருக்கட்டும்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இக்கரையில் வதந்திக்கு வாள் முளைத்த நாட்கள் உண்டு. அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்தோர், ஒருவர் முகத்தை ஒருவர் நன்கறிந்தோர், கேட்ட சொல்லை நம்பிக் கண்ட முகத்தை மறந்தனர். இன்று வதந்தி முன்னிலும் விரைவாக, கையடக்கத் தொலைபேசி வழியே நொடிப்பொழுதிற் பரவுகின்றது. பதினாறு வயதிற் படிக்கும் கதையில், குற்றம் சாட்டப்பட்டவன் குற்றமற்றவனாகவும் இருக்கலாம் என்று அறிந்த பிள்ளை, பின்னொரு நாள் அத்தகைய செய்தியொன்று தன் கைக்கு வரும்போது, அதைப் பிறர்க்கு அனுப்புமுன், யார் கண்டது, எங்கிருந்து கண்டது, அப்போது நிலவு எங்கே நின்றது என்று கேட்கும். அப்படிக் கேட்கப் பழக்கும் கதை எந்த வீட்டு அலுமாரியிலும் இருக்கத் தகுந்தது.